இன்ஜினை இறக்குவதற்கு முன்: வாசகர் கேள்வி–பதில்

கடந்த இரண்டு மாதங்களாக இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் மெக்கானிக் மீதும் சர்வீஸ் சென்டர் மீதும் சொல்லப்படும் குறைகளே மிகுந்திருப்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 26 ஆண்டுகள் நானே ஒரு பட்டறை நடத்தியவன் என்பதால், காரைக் கொடுத்தவரின் வேதனையும் அதைக் கையில் வாங்கியவரின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பட்டறைகளின் பெயர்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: 2016-இல் வாங்கிய பெட்ரோல் கார் என்னுடையது. நான்கு மாதங்களாக இன்ஜின் சூடேறுகிறது. மதுரைக்கு நான்கு வழிச் சாலையில் போகும்போது ஒன்றும் ஆவதில்லை. ஊருக்குள் நெரிசலிலும் ரயில்வே கேட்டிலும் ஏசி போட்டு நிற்கும்போது முள் மேலே ஏறிவிடுகிறது. முதல் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். இரண்டாவது மெக்கானிக் வாட்டர் பம்பை மாற்றினார்; "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று தெர்மோஸ்டாட்டையும் (வெப்பநிலைக்கு ஏற்பக் குளிர்விக்கும் திரவத்தின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) எடுத்துவிட்டார். இதுவரை 31,000 ரூபாய் செலவாகிவிட்டது. மூன்றாவது மெக்கானிக் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அடியில் வெண்ணெய் போல ஒட்டியிருந்ததைக் காட்டி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழ்ப்பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும், 65,000 ரூபாய் ஆகும் என்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: இன்ஜினை இறக்க இப்போது சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தின் மூன்றாவது வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மூன்று பட்டறைகளிலும் அந்த வரியை யாரும் காதில் வாங்கவில்லை என்பதுதான் என்னை வருந்தச் செய்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி மட்டுமே செய்ய வேண்டும். எனவே நெடுஞ்சாலையில் சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் முள் ஏறினால், முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் விசிறியையும் அதன் ரிலே, ஃபியூஸ், வயர் இணைப்புகளையும், வெப்பத்தை அளந்து விசிறிக்குக் கட்டளை தரும் சென்சாரையும்தான். ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சியும் அடைத்துக் காற்றைத் தடுப்பதும் உண்டு. இதற்கு மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் உள்ளடைப்பு, வாட்டர் பம்பு, திறக்காத தெர்மோஸ்டாட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். இரண்டு நிலைகளிலும் சூடேறினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எங்கோ குறைகிறது என்று தேட வேண்டும். உங்கள் கார் காட்டிய அறிகுறிக்கு முதல் இரண்டு பட்டறைகளும் செய்த வேலை பொருந்தவே இல்லை.

விசிறியை நீங்களே சோதிக்கலாம். வண்டியை நிறுத்திய நிலையில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுழலத் தொடங்க வேண்டும். பல கார்களில் விசிறிக்கு மெதுவான வேகம், அதிவேகம் என இரண்டு நிலைகள் உண்டு. அவற்றில் ஒன்று மட்டும் வேலை செய்யாமல் போனாலும், விசிறி சுற்றுவது கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் ஏமாந்துவிடுகிறார்கள். பானெட்டைத் திறந்திருக்கும் நேரத்தில் கை விரல்களையும் துப்பட்டா, வேட்டி நுனிகளையும் விசிறிக்கு எட்டாமல் வைத்திருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

அடுத்து, மூன்றாவது மெக்கானிக் காட்டிய அந்த வெண்ணெய். கூலன்ட் ஆயிலில் கலந்தால் அப்படி ஒரு பசை உண்டாகும் என்பது உண்மை; அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின், குறுகிய தூரப் பயணங்களில் ஆயிலில் சேரும் ஈரத்தை ஆவியாக்கும் அளவுக்குச் சூடேறாமல் போகலாம். அந்த ஈரமும் மூடியின் அடியில் இதே போன்ற பசையாகப் படியக்கூடும். ஆகவே இரண்டாவது மெக்கானிக் செய்த தவறு, மூன்றாவது மெக்கானிக்கின் கண்ணுக்கு ஹெட் கேஸ்கெட் கோளாறாகத் தெரிந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: அதில் ஆயில் தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் பசை இருந்தால் இந்தச் சந்தேகம் வலுவாகிறது. டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அவர் சொல்வதில் பொருள் உண்டு.

இன்ஜினை இறக்காமலே ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்ப்பது. மற்றொன்று, கூலன்ட்டிலிருந்து எழும் காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியாகச் செலுத்துவது; எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாக மாறிவிடும். இவை இரண்டும் இல்லாத பட்டறையில் கம்ப்ரஷன் கேஜ் நிச்சயம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு வெகுவாகக் குறைந்திருந்தால், அவற்றின் நடுவே கேஸ்கெட் எரிந்திருப்பதற்கான வலுவான சான்று அது. நான்கு மாதங்களாகத் திரும்பத் திரும்பச் சூடேறிய இன்ஜினில் அலுமினிய ஹெட் வளைந்திருக்கவும் கூடும் என்பதால், இந்தச் சோதனையை நீங்கள் தவிர்க்கக் கூடாது. ஹெட் வளைந்ததாகவே தெரியவந்தாலும், அதைச் சமப்படுத்த லேத்துக்கு அனுப்பும் முன்பு நேர்விளிம்பு வைத்து இடைவெளியை அளந்து உங்களுக்குக் காட்ட வேண்டும்.

எது எப்படி இருந்தாலும் தெர்மோஸ்டாட்டை மீண்டும் பொருத்துங்கள். அது வெயிலுக்கு எதிரான கருவி என்று நம் பட்டறைகளில் தவறாக நினைக்கிறார்கள். இன்ஜின் தனக்கு உரிய வெப்பநிலையை விரைவில் எட்டி அதிலேயே நிற்பதற்காக, பொதுவாக 82 முதல் 90 டிகிரி செல்சியஸுக்குள் திறக்குமாறு அது செய்யப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று காரின் கணினி எண்ணிக் கூடுதல் பெட்ரோலை ஊற்றும், மைலேஜ் குறையும், உட்பாகங்கள் விரைவில் தேயும். போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதை முழுவதும் வடித்துவிட்டு, கையேட்டில் சொல்லப்பட்ட கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த நீருடன் சரியான விகிதத்தில் நிரப்பச் சொல்லுங்கள். போர் தண்ணீரில் உள்ள உப்பு, அடுப்பில் வைத்த பாத்திரத்தின் அடியில் படிவதைப் போலவே ரேடியேட்டரின் குழாய்களுக்குள்ளும் படியும்.

இந்தச் சோதனைகளுக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். "பார்த்துச் சொல்வதற்கு எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள், சோதனை முடிந்ததும் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டு, வேலையை அங்கேயே கொடுப்பதா என்பதை வீட்டுக்கு வந்து யோசியுங்கள். பரிசோதனைக்கும் பழுதுபார்ப்புக்கும் நடுவே ஒருநாள் இடைவெளி இருந்திருந்தால், உங்கள் 31,000 ரூபாயில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும்.

கேள்வி: கிளட்ச், சஸ்பென்ஷன் வேலைக்காகக் காரை ஒரு பட்டறையில் விட்டேன். 18,000 ரூபாய் ஆகும், ஒரு வாரத்தில் முடியும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். 35 நாட்கள் கழித்து 47,000 ரூபாய் கேட்கிறார்கள். பில் தர மறுக்கிறார்கள். மீட்டரில் 210 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. இடது கதவில் கீறல். பணம் தராமல் வண்டியைத் தொட முடியாது என்கிறார்கள். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது, போய் எடுத்துவந்துவிடலாமா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது; ஆனால் மாற்றுச் சாவியுடன் போவது, உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தை அடிதடி வழக்காகவோ திருட்டுப் புகாராகவோ மாற்றிவிடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில், ஒரு பொருளின் மீது உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர் தமக்கு உரிய கூலியைப் பெறும்வரை அந்தப் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. அந்தச் சட்டத்தின் சொல் "உரிய கூலி" என்பதையும் கவனியுங்கள்: நீங்கள் கேட்காத வேலைக்கும், உங்களிடம் கேட்காமல் மாற்றிய பாகத்துக்கும் அவர் விரும்பிய தொகை அதற்குள் தானாக அடங்கிவிடாது. அதே சட்டத்தின் 151-ஆம் பிரிவு, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதைப் போலக் காக்க வேண்டும் என்கிறது. 154-ஆம் பிரிவு, ஒப்படைத்த நோக்கத்துக்குப் புறம்பாக அந்தப் பொருளைப் பயன்படுத்தும்போது ஏற்படும் சேதத்துக்கு அவரே ஈடு செய்ய வேண்டும் என்கிறது. கிளட்ச் வேலைக்குப் பிறகு சோதனை ஓட்டம் தேவைதான். அதற்கு 10 அல்லது 20 கிலோமீட்டர் போதும். 210 கிலோமீட்டருக்கு அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

வண்டி உடனே தேவை என்றால், கேட்ட தொகையைக் கொடுத்தே மீட்கலாம். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ யுபிஐ மூலமாகவோ அனுப்புங்கள்; அனுப்பும் முன்பே, "18,000 ரூபாய்க்கு மட்டுமே சம்மதித்திருந்தேன், வண்டியை மீட்பதற்காக எஞ்சிய தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று அவருடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு எழுதுங்கள். வண்டியை எடுக்கும்போது நான்கு பக்கமும் மீட்டரையும் படம் எடுத்துக்கொண்டு, மாற்றிய பாகங்களின் பழைய துண்டுகளைக் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த கிளட்ச் பிளேட் கையில் இருப்பது பிறகு ஆயிரம் வார்த்தை பேசும். செய்த வேலையை இன்னொரு பட்டறையில் பார்வையிடச் செய்து, எந்தப் பாகம் உண்மையில் மாற்றப்பட்டிருக்கிறது, எது பழையதே என்று கையொப்பமிட்ட அறிக்கை ஒன்றும் பெறுங்கள். மெக்கானிக்குகள் ஒருவர்மீது ஒருவர் எழுதித் தரத் தயங்குவார்கள். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, கிடைத்தால் வழக்கில் அது பெரும் பலம்.

பில் தர மறுப்பதை மட்டும் லேசாக விடாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கும் செய்த சேவைக்கும் உரிய முறையில் பில் தராமல் இருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கைக்குக் கிடைத்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். அதில் தேதிகளையும் தொகைகளையும் மட்டும் எழுதுங்கள், வசவு வேண்டாம். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பட்டறை வெளியூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. சொந்தப் பிழைப்புக்காக ஒரு வண்டியைத் தாமே ஓட்டும் டாக்ஸிக்காரருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. பலர் இது தெரியாமல் ஒதுங்கிவிடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத புகார்களை 3 மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதற்கு மேல் ஆவதுண்டு. 29,000 ரூபாய் வித்தியாசத்துக்காக அந்த அலைச்சலை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. என் அனுபவத்தில், முறையாக எழுதிய அறிவிப்பு கைக்குக் கிடைத்த பிறகுதான் பல பட்டறைக்காரர்கள் உட்கார்ந்து பேசவே முன்வருகிறார்கள்.

கேள்வி: ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் ஏசிக்கு கேஸ் நிரப்புகிறேன். ஜூலைக்குள் குளிர்ச்சி போய்விடுகிறது. இந்த முறை கம்ப்ரஸரே போய்விட்டது என்கிறார்கள்.
— ஒரு வாசகர், வேலூர்

பதில்: ஏசி வாயு பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும் அது, பல ஆண்டுகளில் சிறிதளவு கசியலாம். மூன்று மாதங்களில் தீர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் ஆண்டுதோறும் வாயுவை விற்றவர், உங்கள் கம்ப்ரஸருக்கும் தீங்கு செய்திருக்கிறார். ஏனென்றால் கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் அந்த வாயுவோடு சேர்ந்தே சுற்றுகிறது, கசிவில் அதுவும் வெளியேறுகிறது.

நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி இணைப்புகளில் சோப்பு நுரை பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் கல் படும் கண்டென்சர், ரப்பர் ஓ-ரிங்குகள், கம்ப்ரஸர் தண்டின் சீல் ஆகியவை வழக்கமான இடங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் கசிந்தால் கூலி கூடும், டேஷ்போர்டைக் கழற்றியாக வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் பிடித்து (குழாய்களுக்குள் இருப்பதைப் பம்பால் உறிஞ்சி) ஈரத்தை வெளியேற்றிவிட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிய கிராம் அளவுக்கு எடை வைத்து நிரப்ப வேண்டும். கையால் குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இவை எல்லாம் முடிந்த பிறகும் கம்ப்ரஸரின் இரு பக்க அழுத்த அளவுகள் ஒத்துவராவிட்டால்தான் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும்.

கேள்வி: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மூன்றாவது இலவச சர்வீஸுக்குக் கொடுத்தேன். இன்ஜக்டர் க்ளீனிங், இன்ஜின் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று 14,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் தந்தார்கள். வேண்டாம் என்றதும், "உங்கள் கணவரிடம் பேசலாமா, மேடம்? இதெல்லாம் செய்யாவிட்டால் வாரண்டி போய்விடும்" என்றார்கள். கார் என் பெயரில், என் சம்பளத்தில் வாங்கியது.
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அந்தச் சொல் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது புரிகிறது. காரை வாங்கியவரிடமே பேச முடியாத ஒருவருக்கு அதைப் பராமரிக்கும் பொறுப்பைக் கொடுத்திருப்பது அந்த நிறுவனத்தின் தவறு. மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

காரோடு கொடுத்த கையேட்டில் பராமரிப்பு அட்டவணை என்று ஒரு பக்கம் இருக்கும். எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் போதும் என்று தயாரித்தவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். வாரண்டிக்கு அந்த அட்டவணையே அளவுகோல். இலவச சர்வீஸ் என்பது பெரும்பாலும் கூலி மட்டும் இலவசம் என்று பொருள்படும். ஆயில், ஃபில்டர் போன்றவற்றுக்குப் பணம் கொடுக்கத்தான் வேண்டும். அட்டவணையில் இல்லாத கோட்டிங்கும் கிருமிநீக்கமும் உங்கள் விருப்பத்துக்கு உரியவை. அந்தப் பக்கத்தை அவர் முன்னால் திறந்து வைத்து, "இதில் உள்ளதை மட்டும் செய்யுங்கள், மற்றதைச் செய்யாவிட்டால் வாரண்டி போகும் என்றால் அதை வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொன்னதை எழுதித் தரச் சொன்னதும் பின்வாங்கியவர்களையே நான் பார்த்திருக்கிறேன்.

வெளிப் பட்டறையில் கை வைத்தாலே வாரண்டி முழுவதும் ரத்து என்ற அச்சுறுத்தலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 2011-இல் தனிநபர் ஒருவர் கொடுத்த புகாரில் தொடங்கிய வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதுபார்ப்புத் தகவல்களும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுப்பது தவறு என்றும், வெளிப் பட்டறைக்குச் சென்ற ஒரே காரணத்தால் வாரண்டி ரத்து என்று பொத்தாம் பொதுவாக நிபந்தனை விதிக்கக் கூடாது என்றும் அந்த ஆணை சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்து வழக்கு நீண்டதால், அதை மட்டும் நம்பிச் சண்டைக்குப் போகச் சொல்ல மாட்டேன். வாரண்டிக் காலம் முடியும்வரை அட்டவணைப்படியான வேலைகளை அங்கேயே செய்துகொள்ளுங்கள்; மிகுதியை மறுத்துவிடுங்கள். டயர், பேட்டரி, வைப்பர் போன்றவற்றை வெளியில் மாற்றுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

கேள்வி: ஓராண்டில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மூன்று நாள் எடுக்காமல் விட்டால் வண்டி கிளம்புவதில்லை.
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: மூன்றாவது பேட்டரி வாங்காதீர்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். சரியாக ஏறினால், வண்டி நிற்கும்போது ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டி அரை மணி நேரம் கழித்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து எந்தச் சுற்று என்று ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். வெளியில் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ், டேஷ் கேமரா ஆகியவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்ற கார் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரி மாற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தார், இன்ஜின் இறுகிவிட்டது. அந்தச் செலவைக் காப்பீட்டில் தர மறுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
— ஒரு வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: உதவி செய்ய வந்தவரின் ஐந்து நிமிட அவசரம்தான் உங்கள் இழப்பைப் பெருக்கியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகும் இதே தவறை எத்தனையோ வண்டிகளில் பார்த்தேன். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட்டர் பிஸ்டனை மேலே தள்ளினால், அந்தப் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும். வெள்ளத்தால் ஏற்படும் சேதம் முழுக் காப்பீட்டில் அடங்கினாலும், மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினுக்கு நேர்ந்த சேதத்தை அதன் தொடர்விளைவு என்று வகைப்படுத்தி நிறுவனங்கள் மறுக்கின்றன. இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி இதற்காகவே உள்ளது. தாழ்வான பகுதியில் இருக்கும் நீங்கள் அடுத்த புதுப்பித்தலில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதை ஏற்பார்கள், எதை ஏற்க மாட்டார்கள் என்ற பக்கத்தையும் படித்துவிடுங்கள்.

தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி படம் எடுங்கள். சாவியைத் திருப்பாமல் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வண்டியைத் தட்டையான மேடை உள்ள மீட்பு லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். பட்டறை கொடுக்கும் எஸ்டிமேட்டின் நகலை நீங்களும் வாங்கிப் படியுங்கள். பழுதுச் செலவு, பாலிசியில் குறித்த வாகன மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள் என்பதால், அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியும் உங்கள் கார் பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. இப்போதைய மறுப்பைப் பொறுத்தவரை, நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உங்களுக்கு அந்தக் காலம் இன்னும் இருக்கிறதா என்று கடிதத்தின் தேதியை இன்றே பாருங்கள்.

கேள்வி: வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்திருக்கிறேன். இங்கே எனக்கு யாரையும் தெரியாது. நம்பகமான மெக்கானிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: பட்டறை நடத்திய காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்கிறேன். வண்டி நடுவழியில் அணைந்துவிடுகிறது என்று ஒருவர் வந்தார். இரண்டு மணி நேரம் தேடி, இன்ஜினுக்குப் பின்னால் பூமி இணைப்பு வயர் ஒன்று தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து முறுக்கிவிட்டேன். 300 ரூபாய் கேட்டேன். ஒரு வயரை முறுக்கியதற்கா என்று கேட்டு 50 ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதே வாரம் வேறொருவருக்கு, பக்கத்துப் பட்டறையில், இதே கோளாறுக்கு ஃபியூயல் பம்பை மாற்றி 9,000 ரூபாய் வாங்கினார்கள். அவர் முகம் சுளிக்காமல் கொடுத்தார் என்று பையன்கள் வந்து சொன்னார்கள். "இனிமே வயர்னு சொல்லாதீங்கண்ணே" என்றான் என்னிடம் வேலை கற்ற பையன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்று தெரியவில்லை. பாகத்துக்குக் காசு தருவோம், அறிவுக்குத் தர மாட்டோம் என்று நாம் இருக்கும்வரை, பாகம் மாற்றுகிறவர்தான் பிழைப்பார்.

எனவே நீங்கள் தேட வேண்டியவர், உடனே பதில் சொல்லாதவர். "எப்போதிலிருந்து? சூடான பிறகா, காலையிலா? எந்த வேகத்தில்?" என்று கேட்கிறவரிடம் வண்டியைக் கொடுக்கலாம், பானெட்டைத் திறக்கும் முன்பே தொகையைச் சொல்கிறவரிடம் வேண்டாம். ஒரே நிறுவனத்தின் கார்கள் பல நிற்கும் பட்டறையில் அந்த வண்டியின் கோளாறுகள் பழகியிருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் வரும் எண்ணைப் படித்துவிட்டு, அந்தப் பாகத்தை உடனே மாற்றச் சொல்கிறாரா, அல்லது அதற்குப் போகும் வயரையும் அளக்கிறாரா என்று பாருங்கள். ஸ்கேனர் எந்தச் சுற்றில் குறை என்று சொல்லுமே தவிர, எந்தப் பாகம் கெட்டது என்று எப்போதும் சொல்லிவிடாது. உதிரிபாகத்தை, அதற்கான கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் நீங்களே வாங்கி வருவதை மறுக்காத மெக்கானிக் நல்லவர் என்று சிலர் சொல்வார்கள். அதை நான் முழுவதும் ஏற்க மாட்டேன். நீங்கள் வாங்கிய பாகம் போலியாக இருந்தால் அவர் செய்த வேலைக்கு அவரால் உத்தரவாதம் தர முடியாது. அவர் வாங்கட்டும், அட்டைப்பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையையும் கடை பில்லையும் உங்களிடம் காட்டட்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களைக் கண்ணாடி, கதவு, விளக்கு போன்றவற்றுக்குத் தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங் பாகங்களுக்கு வேண்டாம்.

பெரிய கோளாறு வரும்வரை காத்திருக்காமல், முதலில் ஆயில் சர்வீஸ் போன்ற ஒரு சிறிய வேலையைக் கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும் முன் பழைய ஆயில் ஃபில்டரின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். வண்டி திரும்பி வந்ததும் குனிந்து பாருங்கள். அந்தக் கோடு இல்லாமல், பழைய ஃபில்டரும் பில்லும் கேட்காமலே உங்கள் கைக்கு வந்தால், அவருடைய எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்.